பாஸ் கிட்டார் இல்லாத மூவர்: ஹவுண்ட் டாக் டெய்லரின் கிளப் கச்சேரி, ஒரு நிகழ்வு ஆய்வு

1971-இல் சிகாகோவில் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் என்றொரு கம்பெனி பிறந்தது. அது பிறக்கக் காரணம் ஒரே ஒரு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) குழு: ஹவுண்ட் டாக் டெய்லர் அண்ட் தி ஹவுஸ்ராக்கர்ஸ். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பாஸ் கிட்டார் கிடையாது. நடுவில் உட்கார்ந்து பாடிய டெய்லர் ஐம்பதைத் தாண்டியவர். கையில் மலிவான ஜப்பான் கிட்டார், பின்னால் ஸ்பீக்கர் கிழிந்த ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி).

இந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "கருவி மட்டம், ஆனால் உணர்ச்சி அபாரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படிச் சொல்வதில் அந்த மூவரின் கைவேலை மறைந்துபோகிறது. மட்டமான ஒவ்வொரு பாகமும் அந்தச் சத்தத்தில் ஒரு பொறுப்பைச் சுமந்தது. எதை எது சுமந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான், பின்னாளில் இதே பாணியை நல்ல கருவிகளோடு முயன்றவர்கள் ஏன் சறுக்கினார்கள் என்பதும் விளங்கும்.

சிகாகோ வரைக்கும், சிகாகோவிலும்

தியோடர் ரூஸ்வெல்ட் டெய்லர் (ஹவுண்ட் டாக்கின் இயற்பெயர்) மிசிசிப்பி மாநிலத்தின் நாச்சஸில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1915 என்றும் 1917 என்றும் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. இரண்டு கையிலும் ஆறு விரல்கள். சுண்டுவிரலை ஒட்டி முளைத்த சிறு விரல். வலக்கையில் இருந்ததை ஒருநாள் குடிபோதையில் சவரக் கத்தியால் தானே வெட்டிக்கொண்டார். இடக்கையில் இருந்தது கடைசிவரை இருந்தது. போட்டோக்களில் கண்ணுக்குத் தெரியும். "ஆறு விரலால்தான் அந்த வாசிப்பு" என்பது போஸ்டருக்கு நல்ல விஷயம். அந்தக் கூடுதல் விரல் தந்தியைத் தொட்டதே இல்லை.

முதலில் பியானோ. கிட்டார் பக்கம் வந்ததே இருபது வயதையொட்டித்தான். 1942-இல் மிசிசிப்பியை விட்டு சிகாகோ வந்தார். அடுத்த பதினைந்து வருடம் பகலில் கூலி வேலை, இரவிலும் ஞாயிறுகளிலும் வாசிப்பு. டி.வி. பெட்டிக்கு மரக்கூடு செய்யும் தொழிற்சாலையிலும் இருந்திருக்கிறார். மேக்ஸ்வெல் ஸ்ட்ரீட் சந்தையில் நடைபாதையில் வாசித்திருக்கிறார். 1957 வாக்கில்தான் இசையே முழுநேரப் பிழைப்பானது.

ரெக்கார்டு விஷயத்தில் அதிர்ஷ்டம் ஒட்டவில்லை. 1960-இல் பீ அண்ட் பேபி என்ற சிறு லேபிளில் ஒரு சிங்கிள், 1962-இல் ஃபர்மா லேபிளில் ஒன்று, பிறகு செஸ் கம்பெனியின் செக்கர் லேபிளில் ஒன்று. எதுவும் ஊரைத் தாண்டவில்லை. இதற்கிடையில் ஃப்ரெடி கிங் என்ற ப்ளூஸ் கிட்டார் கலைஞர் 1960-இல் பதிவு செய்த 'ஹைட் அவே' என்ற வாத்திய இசை அமெரிக்கா முழுக்க ஓடியது. அதன் முக்கியமான ஒரு பகுதி டெய்லர் கிளப்பில் வாசித்துவந்த மெட்டிலிருந்து வந்தது என்பது ப்ளூஸ் வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படுவது. ரெக்கார்டின் மேல் அவர் பெயர் இல்லை, ராயல்டியும் இல்லை. கிளப்பில் வாசித்தால் மட்டும் போதாது, பதிவு செய்து பதிப்புரிமை எழுதினால்தான் மெட்டு உன்னுடையது என்ற விதி அன்றைய சிகாகோ கலைஞர்கள் பலருக்கும் இப்படித்தான் புரியவந்தது.

1967-இல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் குழுவோடு ஐரோப்பா போய்வந்தார். கூடப் போனவர்களில் லிட்டில் வால்டரும் கோகோ டெய்லரும் உண்டு. திரும்பி வந்ததும் மறுபடி அதே தெற்கு சிகாகோ பார்கள்.

ஃப்ளோரன்ஸ் லவுஞ்ச்

தெற்கு சிகாகோவில் ஷீல்ட்ஸ் அவென்யூ பக்கம் இருந்த சிறிய பார் இது. ஞாயிறு மதியம் அங்கே ஹவுஸ்ராக்கர்ஸ் வாசிப்பார்கள். மேடை கிடையாது. மேஜைகளை ஒதுக்கிவிட்டு, கிடைத்த இடத்தில் ஆம்பை வைத்தால் அதுதான் மேடை. டெய்லர் மடக்கு நாற்காலியில் உட்காருவார். பிரூவர் ஃபிலிப்ஸ் நின்றபடி, ஆடியபடி இரண்டாவது கிட்டார். டெட் ஹார்வி டிரம்ஸ். ஹார்வி, ஸ்லைடு கிட்டாருக்குப் பேர்போன எல்மோர் ஜேம்ஸோடு வாசித்தவர். 1965-இல் இவர்களோடு சேர்ந்தார்.

பாட்டு வரிசை எழுதி வைப்பதில்லை. டெய்லர் ஒரு வரியை ஆரம்பிப்பார், இரண்டாவது சுற்றுக்குள் மற்ற இருவரும் உள்ளே இருப்பார்கள். இடையில் ஜோக் சொல்லத் தொடங்குவார். முடிப்பதற்குள் தானே சிரித்து, கையால் முகத்தை மூடிக்கொள்வார். ஜோக்கின் முடிவு யாருக்கும் கேட்காது, கூட்டமும் சேர்ந்து சிரிக்கும். பிறகு "லெட்ஸ் ஹாவ் சம் ஃபன்" என்று ஒரு கத்தல், அடுத்த பூகி (ஆட்டத்துக்கான வேகமான ப்ளூஸ்).

இதைக் கச்சேரி என்பதைவிட நடனத்துக்கான வாசிப்பு என்பதே சரி. 12 தாளக்கட்டு கொண்ட ஒரு ப்ளூஸ் சுற்றில், கட்டுக்கு 4 தட்டு வீதம் 48 தட்டுகள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 24 விநாடி. ஐந்து நிமிடப் பாட்டில் பன்னிரண்டு சுற்று வந்துவிடும். ஸ்டுடியோ சிங்கிளில் மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியதை இங்கே தரையில் ஆட்டம் நடக்கும்வரை நீட்டலாம். ஆடுகிறவர்கள் களைத்தால்தான் பாட்டு முடியும். அதனால் நீண்ட தனி வாசிப்புகளை இவர்கள் நம்பியிருக்கவில்லை. ஒரே வரியைச் சிறுசிறு மாற்றங்களோடு சுற்றிச்சுற்றி அடிப்பதுதான் வேலை. இதைக் கேட்டுவிட்டு "ஒரே மாதிரி இருக்கிறதே" என்கிறவர்களும் உண்டு. இந்த இசை உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்ததே இல்லை.

கையில் இருந்த கருவி

டெய்லரின் கிட்டார் கவாய் கம்பெனியின் தயாரிப்பு, கிங்ஸ்டன் என்ற பெயரில் விற்றது. தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்கப் நான்கு, வரிசையாக சுவிட்ச்சுகள். இந்த வகை மலிவு பிக்கப்களில் சுருளை மெழுகில் அமிழ்த்திப் பூட்டுவதில்லை. அதனால் கம்பிச் சுற்றுகள் தாங்களும் அதிரும். தந்தியின் ஒலியோடு மரத்தின் தட்டல், தந்தியின் மேல் நகர்த்தும் குழாயான ஸ்லைடின் உரசல், சுவிட்ச் தட்டும் சத்தம் எல்லாமே ஆம்புக்குள் போகும். ஸ்டுடியோ எஞ்சினியர் இதைக் குறை என்பார். ஸ்லைடு வாசிப்புக்கு இது வரம்: உலோகம் தந்தியில் ஏறுவதும் இறங்குவதும் அப்படியே கேட்கும். விலையும் உண்டு. சத்தத்தைக் கூட்டினால் பிக்கப் மைக்போல நடந்துகொண்டு ஊளையிடும். டெய்லரின் பதிவுகளில் வரிகளுக்கு நடுவே அந்த ஊளை தலைகாட்டும். அவர் அதைத் தடுக்க முயலவில்லை, அடுத்த வரியை அதன் மேலேயே ஏற்றிவிடுவார்.

ஸ்லைடு, சமையலறை நாற்காலிக் காலிலிருந்து அறுத்த எஃகுக் குழாய். கண்ணாடி ஸ்லைடைவிட எஃகு கனமானது. கனம் கூடினால் ஒலி நீளும், மேல்ஸ்தாயி கூர்மையாகும். கோட்டுவாத்தியக்காரர் கட்டையை நகர்த்துவதுபோலவே இதிலும் சுரம் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியில்) நிற்காது, ஸ்லைடு நிற்கும் இடத்தில்தான் நிற்கும். ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே வைக்க வேண்டும், விரலை வைப்பதுபோல அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் சுரம் தாழும்.

சுருதி, எல்மோர் ஜேம்ஸ் வழியில் வந்த திறந்த சுருதி. தடித்த தந்தியிலிருந்து D A D F# A D என்று வைத்தால் ஓபன் D. எல்லாவற்றையும் ஒரு முழுச்சுரம் ஏற்றினால் E B E G# B E, அது ஓபன் E. வெறும் தந்தியை மீட்டினாலே முழு மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). ஐந்தாம் ஃபிரெட்டில் நேர்க்கோட்டில் ஸ்லைடை வைத்தால் ப்ளூஸின் நாலாம் கார்டு, ஏழாம் ஃபிரெட்டில் ஐந்தாம் கார்டு. பன்னிரண்டில் மறுபடி முதல் கார்டு, ஒரு ஸ்தாயி மேலே. எல்மோர் ஜேம்ஸின் புகழ்பெற்ற மும்மூன்றாக அடிக்கும் வரி இருப்பது அங்கேதான். 12 கட்டு ப்ளூஸுக்கு இதற்கு மேல் இடம் தேவையில்லை.

ஆம்ப், சியர்ஸ் கடை விற்ற சில்வர்டோன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தது. கிழிந்த கூம்பின் விளிம்புகள் ஒன்றோடொன்று படபடக்கும். வால்வு ஆம்ப் எல்லைக்கு மேல் தள்ளப்படும்போது வரும் இரைச்சலோடு இந்தப் படபடப்பும் சேர்ந்தால் கிட்டார் ஒலி சாக்ஸபோன் பக்கம் நகர்ந்துவிடும். சிறிய பாரில் கூட்டத்தின் சத்தத்தை வெட்டிக்கொண்டு வர இது போதும். கிட்டாருக்குத் தனி மைக் வேண்டியதில்லை.

பாஸ் எங்கிருந்து வந்தது

இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான்.

பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே. ஓபன் D-யில் இறக்கினால் சுமார் 73. பாஸ் இல்லாத குழுவில் 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையான அடித்தளம் காலியாகத்தான் இருக்க வேண்டும். ஹவுஸ்ராக்கர்ஸ் பதிவைக் கேட்டால் அந்த வெறுமை தெரியாது. மூன்று காரணங்கள்.

முதலாவது ஃபிலிப்ஸ். அவர் ஃபெண்டர் டெலிகாஸ்டரில் பெரும்பாலும் தடித்த தந்திகளில் பாஸ் வரிகளைத்தான் வாசித்தார். மிசிசிப்பிக்காரர், ப்ளூஸ் கிட்டார் கலைஞர் மெம்ஃபிஸ் மின்னியிடம் கற்றவர். அந்தத் தலைமுறையின் இரட்டைக் கிட்டார் முறையில் ஒருவர் கீழே நடப்பார், ஒருவர் மேலே பேசுவார். ஃபிலிப்ஸ் தனி வாசிப்புக்கு மேலே ஏறினால் டெய்லர் ஸ்லைடை விட்டுவிட்டுக் கீழ்த்தந்திக்கு இறங்குவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே இருப்பது அபூர்வம்.

இரண்டாவது, எல்லை மீறிய ஆம்ப். பூகியின் அடிப்படை அசைவு, மூலச் சுரத்தோடு அதன் ஐந்தாம் சுரத்தைச் சேர்த்து அடித்து, பிறகு ஆறாம் சுரத்துக்குப் போய்த் திரும்புவது. 82 ஹெர்ட்ஸ் E-யும் 123 ஹெர்ட்ஸ் B-யும் சேர்ந்து இரைச்சலான ஆம்புக்குள் போனால் அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் உள்ளே உருவாகும். பாஸ் கிட்டாரின் அதே E. கிட்டார் ஸ்பீக்கரால் 41-ஐ முழு பலத்தோடு வெளியே தள்ள முடியாது. ஆனால் 82, 123, 164 என்று அதன் மடங்குகள் வரிசையாக வருவதால் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். இதே இரண்டு சுரத்தைச் சுத்தமான ஆம்பில் வாசித்தால் இந்த உதவி பெரும்பாலும் போய்விடும், கீழே ஓட்டை தெரியும். கிழிந்த ஸ்பீக்கரையும் முறுக்கிய ஆம்பையும் வெறும் அழுக்குச் சத்தம் என்று பேசுகிறவர்கள் கவனிக்காதது இதைத்தான்.

மூன்றாவது ஹார்வியின் கால். காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்கு உரிய அலைவரிசைதான் அந்தக் காலி இடம். பாஸ் கிட்டார் இருந்தால் கிக் அதோடு மோதாமல் ஒதுங்க வேண்டும். இங்கே ஒதுங்க வேண்டியதில்லை. ஹார்வி அலங்காரம் அதிகம் செய்யாமல் ஷஃபிளை (தட்டு ஒவ்வொன்றும் நீளம், குட்டை எனப் பிரியும் துள்ளல் தாளத்தை) நேராக ஓட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. இடைவெளியை நிரப்பும் அலங்கார அடியான ஃபில் வாசிக்கக் கை போனால் தரையே காணாமல் போய்விடும்.

இதோடு நாலாவது ஒரு லாபமும் உண்டு. டெய்லர் சில சுற்றுகளில் 12 கட்டை எண்ணிப் பிடிக்காமல், பாட்டு வரி முடியும் இடத்தில் கார்டை மாற்றுவார். ஒரு கட்டு முன்னே பின்னே ஆகும். காதையும் கண்ணையும் அவர் மேல் வைத்த இரண்டு பேர் திரும்பினால் போதும் என்பதால் சமாளித்தார்கள். ஐந்து ஆறு பேர் கொண்ட குழுவில், எண்ணி வாசிக்கும் பாஸிஸ்ட் ஒருவர் இருந்தால் அங்கேயே கார் மதிலில் மோதும்.

2,500 டாலர்

ப்ரூஸ் இக்லவர் அப்போது பாப் கோஸ்டரின் டெல்மார்க் ரெக்கார்ட்ஸில் ஷிப்பிங் கிளார்க். பார்சல் கட்டும் வேலை. 1970-இல் ஃப்ளோரன்ஸில் இவர்களைக் கேட்டுவிட்டு, பதிவு செய்யச் சொல்லி முதலாளியிடம் கேட்டார். நடக்கவில்லை. தனக்குப் பரம்பரையாக வந்த 2,500 டாலரை எடுத்துத் தானே இறங்கினார். லேபிளின் பெயர் அவருடைய பட்டப்பெயரிலிருந்து வந்தது. பிடித்த பாட்டுக்குப் பல்லைக் கடகடவென்று தட்டித் தாளம் போடும் பழக்கம் அவருக்கு இருந்தது, அதனால் முதலை.

1971-இல் இரண்டு மாலைகளில் பதிவு முடிந்தது. கிளப்பில் வாசிக்கும் அதே கருவிகள், அதே சத்தம், மூவரும் ஒன்றாக ஒரே அறையில். இந்த முடிவில்தான் ஆல்பம் பிழைத்தது. அன்றைய வழக்கப்படி ஆம்பைத் தணித்து, இடையில் தடுப்பு வைத்து, பாஸிஸ்ட் ஒருவரைச் சேர்த்திருந்தால் மேலே சொன்ன எதுவும் டேப்பில் ஏறியிருக்காது. தடுப்பு இல்லாததால் எல்லா மைக்கிலும் எல்லாச் சத்தமும் கசியும். ஒருவர் தப்பினால் அவர் பகுதியை மட்டும் மாற்ற முடியாது, முழுப் பாட்டையும் திரும்ப வாசிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்தே வாசித்த டெய்லருக்கும் ஃபிலிப்ஸுக்கும் அது பெரிய பாரமில்லை.

AL 4701 என்ற எண்ணோடு முதல் அச்சு 1,000 பிரதி. 'கிவ் மி பேக் மை விக்', 'ஷீ இஸ் கான்', 'வாக்கிங் தி சீலிங்' எல்லாம் இதில்தான். இக்லவர் பிரதிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் எஃப்.எம். நிலையங்களிலும் கடைகளிலும் கொடுத்தார். அன்றைய எஃப்.எம். ராக் நிலையங்களில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதை அறிவிப்பாளரே முடிவு செய்யலாம். அந்த ஜன்னல் திறந்திருந்த சில வருடங்களில் இந்த ரெக்கார்டு வந்தது. முதல் வருடத்தில் விற்றது சுமார் 9,000. பெரிய கம்பெனிக்கு அது தோல்வி. ஒற்றை ஆள் நடத்திய லேபிளுக்கு அது அடுத்த ரெக்கார்டின் முதலீடு: பிக் வால்டர் ஹார்ட்டன், பிறகு சன் சீல்ஸ்.

டெய்லரின் மேனேஜரும் புக்கிங் ஏஜெண்டும் இக்லவரே. கல்லூரிகள், வடகிழக்கு மாநிலங்களின் கிளப்புகள். பாஸ்டன் வட்டாரத்தில், குறிப்பாகக் கேம்பிரிட்ஜ் ஜோஸ் ப்ளேஸ் கிளப்பில், தனிக் கூட்டமே சேர்ந்தது. பின்னாளில் புகழ்பெற்ற ராக் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் தரகுட் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அங்கேதான் தொடங்கியது. ஃப்ளோரன்ஸ் ஞாயிறு வாசிப்பு மேஜிக் ஸ்லிம் என்ற இன்னொரு ப்ளூஸ் கலைஞர் கைக்குப் போனது. மூன்று பேர், இரண்டு ஆம்ப், ஒரு செட் டிரம்ஸ் என்பதால் ஒரே வண்டியில் எல்லாம் அடங்கியது. ஏழு பேர் குழுவுக்குக் கட்டுப்படியாகாத சம்பளத்தில் இவர்களுக்கு மிச்சமே நின்றது.

1974-இல் 'நேச்சுரல் பூகி'. அதே ஆண்டில் பதிவான நேரடிக் கச்சேரிகள் 'பிவேர் ஆஃப் தி டாக்' என்ற ஆல்பமாயின. மூன்று ஆல்பங்களிலும் கிளப் வாசிப்புக்கு மிக நெருக்கமானது இந்த மூன்றாவதுதான். அதன் 'கிவ் மி பேக் மை விக்'கை 1971 பதிவோடு அடுத்தடுத்துக் கேட்டால், கூட்டத்தின் முன் இவர்கள் ஒரு பாட்டை என்ன செய்தார்கள் என்பது தெரியும்.

மூவருக்குள் சண்டை புதிதல்ல. 1975-இல் டெய்லர் வீட்டில் வாய்ச்சண்டை முற்றி, ஃபிலிப்ஸைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். ஃபிலிப்ஸ் பிழைத்தார். கொலை முயற்சி வழக்கு விசாரணைக்கு வருமுன்னே டெய்லர் நுரையீரல் புற்றுநோயில் படுத்துவிட்டார். ஃபிலிப்ஸ் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்து மன்னித்தார். 1975 டிசம்பர் 17 அன்று டெய்லர் இறந்தார். 'பிவேர் ஆஃப் தி டாக்' வெளிவந்தது அதற்குப் பிறகு.

இதை வாசிக்க முயல்கிறவர்களுக்கு

ஓபன் E-க்கு நான்காம், ஐந்தாம் தந்திகளை ஒரு முழுச்சுரமும் மூன்றாம் தந்தியை அரைச்சுரமும் ஏற்ற வேண்டும். பழைய மலிவு கிட்டாரின் கழுத்து அந்த இழுவையில் வளையும். ஓபன் D-யில் எதுவும் ஏறாமல் நான்கு தந்திகள் இறங்குவதால் கழுத்துக்கு நிம்மதி, ஆனால் மெல்லிய தந்தி தொளதொளக்கும்; முதல் தந்தி 0.012 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தந்தி உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தாழ இருந்தால் கனமான ஸ்லைடு ஃபிரெட்டில் இடித்துக் கடகடக்கும். ஸ்லைடுக்குப் பின்னால் ஒரு விரலாவது தந்தியில் மெதுவாகப் படிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கத் தந்தியும் சேர்ந்து பாடும்.

ஸ்லைடை அதிகம் நடுக்குவது பொதுவான தப்பு. டெய்லர் சுரத்துக்குக் கீழேயிருந்து வேகமாக ஏறி அடித்துவிட்டு விலகுவார். வேகத்தைக் கூட்டுவது அடுத்த தப்பு. ஷஃபிளில் மூன்றில் ஒரு பங்காக வரும் கடைசித் தட்டு, வேகம் கூடினால் நசுங்கி நேர்த்தாளமாகிவிடும். ஆடுகிறவர் கால் உடனே நிற்கும்.

இரைச்சல் சேர்க்கும் ஃபஸ் பெடலை மிதித்து இதே ஒலி வரும் என்று எண்ண வேண்டாம். பெடல் எல்லா அடியையும் ஒரே அளவு நசுக்கும். வால்வு ஆம்ப் மெதுவாக அடித்தால் சுத்தம், ஓங்கி அடித்தால் இரைச்சல். டெய்லர் பாடும்போது கிட்டார் அடங்கி, பதில் சொல்லும்போது சீறுவது அப்படித்தான். சிறிய அறைக்கு 15 வாட் வால்வு ஆம்ப் போதும். 60 வாட்டை வைத்தால் அது சீறும் அளவுக்குப் போவதற்குள் மேஜைக்காரர்கள் எழுந்துவிடுவார்கள்.

ஸ்பீக்கரைக் கிழித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. கூம்பு கிழிந்தால் ஆம்புக்கு ஆபத்தில்லை. சுருள் அறுந்தால்தான் ஆபத்து. இணையாக இணைத்த இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரின் மொத்தம் 4 ஓம். ஒன்று அறுந்தால் ஆம்ப் 8 ஓமைப் பார்க்கும், பெரும்பாலும் தாங்கிவிடும். இரண்டும் அறுந்தால் சுமையே இல்லை. அந்த நிலையில் வால்வு ஆம்பை ஓங்கி அடித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். கச்சேரிக்கு முன் ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, மல்ட்டி மீட்டரை அதில் வையுங்கள். 4 ஓம் பெட்டியில் சுமார் 3 ஓம் காட்டினால் சரி. முள் அசையாவிட்டால் அன்றைக்கு அந்த ஆம்பைத் தொடாதீர்கள்.